பின்னால் ஒன்று வருகிறது

மாட்டியவன்தான் கழற்ற வேண்டும். எங்கள் மலை ரயிலில் எல்லோருக்கும் தெரிந்த, எங்கும் எழுதி வைக்காத சட்டம் அது. எழுதி வைத்த சட்டமும் ஒன்று உண்டு. அதில் 'ரயில் ஊழியர்கள் கழற்ற வேண்டும்' என்று பொதுவாகப் போட்டிருக்கிறது. பொதுவில் போட்ட வேலையை எவன் செய்வான்? அதனால் எழுதாத சட்டத்தை வைத்தே காலம் தள்ளினோம்.

நான் சொல்வது பச்சைத் தகட்டைப் பற்றி. சாப்பாட்டுத் தட்டு அளவில் வட்டமான இரும்புத் தகடு. வண்டியின் முகத்தில் விளக்குக்குக் கீழே அதற்கு ஒரு கொக்கி. சனிக்கிழமை என்றால் ஒரு வாரம் பனியில் சறுக்கி முடித்தவர்கள் மேலே இருக்கும் எக்லன் ஊரிலிருந்து இறங்குவார்கள், அடுத்த வாரத்துக்காரர்கள் ஏறுவார்கள். எக்லனுக்குச் சாலை கிடையாது, ரயில் மட்டும்தான். ஒரு வண்டி போதாது என்று கீழே கிரண்டிலிருந்து மூன்று வண்டிகளை ஒன்றன் பின் ஒன்றாக விடுவோம். முதல் இரண்டின் முகத்திலும் தகடு தொங்கும். 'என் பின்னால் இன்னொன்று வருகிறது' என்று அதற்கு அர்த்தம். மூன்றாவதில் தகடு இருக்காது.

பாதையோ ஒற்றைப் பாதை. நடுவில் லேகர் என்ற இடத்தில் மட்டும் இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும். மேலிருந்து இறங்கும் வண்டி அங்கே ஒதுங்கி நின்று, தகடு இல்லாத வண்டி தன்னைக் கடக்கும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு இறங்கினால் நேருக்கு நேர் மோத வேண்டியதுதான். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்களே, அந்த மணிதான் எங்கள் தகடு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில், பிப்ரவரி மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மணியோசை வந்தது, யானை வரவில்லை.

என் பெயர் மெல்க். அந்த ரயிலில் அப்போதே இருபத்தாறு வருஷம் கார்டாக இருந்தவன். என் வண்டியை ஓட்டியவன் நோல்டி, என் மனைவி எல்ஸ்பெத்தின் தம்பி. நல்ல டிரைவர். நல்ல மனிதனும்கூட. இதை இப்போது சொல்லி என்ன புண்ணியம்.

நவம்பரிலிருந்து நானும் அவனும் பேசுவதில்லை. காரணம் என் மகள் ரேகுலா. பத்தொன்பது வயது, எங்களுக்கு ஒரே பிள்ளை. எக்லனில் பனியில் சறுக்கும் ஸ்கீ கட்டைகள் வாடகைக்கு விடும் கடையில் வேலை பார்த்தாள். பிள்ளைக்கு விமானப் பணிப்பெண்ணாகப் போக ஆசை. என்னிடம் கேட்டாள், முடியாது என்றேன். என் ரயிலுக்கு மேலே போகிற வண்டி எதுவும் என் மகளுக்கு வேண்டாம் என்று வேடிக்கையாகக்கூடச் சொன்னேன், அவள் சிரிக்கவில்லை. தாய்மாமனிடம் போனாள். அவன் விண்ணப்பம் வாங்கி, நிரப்பி, தபாலிலும் சேர்த்துவிட்டு, பிறகு என்னிடம் வந்து சொன்னான். என் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்க நீ யார் என்று கேட்டேன். அவன் ஏதோ சொன்னான், நான் ஏதோ சொன்னேன். அன்றோடு சரி.

பேசாமல் ரயில் ஓட்ட முடியுமா என்று கேட்பீர்கள். பேஷாக முடியும். புறப்பட விசில், நிற்க மணி, பின்னால் எடுக்கக் கை. மூன்று மாதம் ஒரு சொல் இல்லாமல் ஓட்டினோம். பயணிகள் எங்களை ஒழுங்கான ஆட்கள் என்று நினைத்திருப்பார்கள். கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு வந்தவன் உப்பு வேண்டுமென்றால் அக்காவைக் கேட்டான், அது என் கைக்குப் பக்கத்தில் இருந்தும். நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. வீம்பில் எங்கள் பள்ளத்தாக்கை மிஞ்ச ஆள் கிடையாது. அப்பன் காலத்து வரப்புத் தகராறுக்காகச் சர்ச்சில் இன்றும் எதிரெதிர் பக்கம் உட்காருகிற குடும்பங்கள் இருக்கின்றன.

அந்தச் சனிக்கிழமைக்கு முன் மூன்று நாள் விடாமல் பனி கொட்டியிருந்தது. கம்பிகள் அறுந்து லேகரில் இருந்த தொலைபேசி வியாழக்கிழமையே செத்துவிட்டது. கிரண்டுக்கும் எக்லனுக்கும் நடுவே பேச முடிந்தது, லேகரோடு முடியவில்லை. அன்று மத்தியானம் நான் வண்டிப் படிக்கட்டில் உறைந்த பனியைச் செதுக்கிக்கொண்டிருந்தபோது நோல்டியே தகட்டை எடுத்துப் போய் மாட்டினான். எங்களுடையது இரண்டாவது வண்டி.

முதல் வண்டி போய்விட்டது. நாங்கள் கிளம்ப இரண்டு நிமிஷம் இருக்கும்போது ஸ்டேஷன் மாஸ்டர் பிராவன்ட் மூச்சு வாங்க ஓடி வந்தார். சமவெளியிலிருந்து வர வேண்டிய ரயில் பனிச்சரிவில் மாட்டிக்கொண்டதாம், மூன்றாவது வண்டிக்கு ஆளே இல்லையாம்.

"மெல்க், மூணாவது ரத்து. தகட்டைக் கழட்டிட்டுக் கிளம்புங்க," என்றார். சொல்லிவிட்டு அலுவலகத்துக்கு ஓடினார்.

நான் கடைசிப் பெட்டியின் பக்கம் நின்றிருந்தேன். முகப்புக்கு முப்பது காலடி இருக்கும். பாதி தூரம் நடந்தேன். நோல்டி கண்ணாடிக்குள் உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டிருந்தான். அவனிடம் சொல்ல வேண்டுமென்றால் நான் வாயைத் திறக்க வேண்டும். சொல்லாமல் நானே கழற்றலாம். ஆனால் மாட்டியது அவன். அவன் மாட்டியதை அவன் கண்ணெதிரே நான் எட்டிக் கழற்றினால், நான் அவனுக்கு எடுபிடி. மூன்றாவது வண்டி பக்கத்துத் தண்டவாளத்தில் விளக்கு அணைந்து, கதவு மூடிக் கிடந்தது. அவனுக்கும் கண் இருக்கிறதே, பார்த்துக் கழற்றட்டும் என்று நினைத்தேன். திரும்பி நடந்து, ஏறி, விசில் ஊதினேன்.

இதை மறதி என்று சொல்லிவிடலாம். மறதி இல்லை. எனக்கு ஒவ்வொரு அடியும் நினைவிருக்கிறது.

லேகரில் ஹைனியின் வண்டி ஒதுங்கி நின்றது. ஹைனி எங்கள் டிரைவர்களிலேயே சட்டத்தை எச்சில் தொட்டுப் புரட்டுகிற ஆள். நாங்கள் மெதுவாக அதைக் கடந்தோம். இரண்டு வண்டிக்கும் நடுவே ஒரு கை நீளம்தான் இருக்கும். ஜன்னல் ஜன்னலாக நகர்ந்தது. நாலாவது ஜன்னலில் ரேகுலா இருந்தாள்.

போர்வையைத் தோளோடு சுற்றிக் கண்ணாடியில் சாய்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை லேசாகத் தூக்கினாள். எனக்கு எரிந்தது. சனிக்கிழமை, கடையில் கூட்டம் நெரியும் நாள், இவள் வேலையைப் போட்டுவிட்டு எங்கே இறங்குகிறாள்? விமானக் கம்பெனி கூப்பிட்டிருக்கும், மாமன் ஏற்பாடு செய்திருப்பான் என்றுதான் புத்தி ஓடியது. நான் பதிலுக்குக் கையைத் தூக்கவில்லை. விரலை நீட்டி ஆட்டினேன், வா உன்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிற மாதிரி. அவள் முகம் நகர்ந்து போனது. எதிர்ப்பக்க இருக்கையில் டாக்டர் உட்கார்ந்திருந்தது என் பக்கத்திலிருந்து தெரியவில்லை.

லேகரிலிருந்து எக்லனுக்கு இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷமும் அவளை எப்படித் திட்டுவது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

எக்லனில் வண்டி நின்றதும் கடைக்காரி ஓடி வந்தாள். காலையில் ரேகுலா புதுக் கட்டைகளைச் சோதிக்கப் போய், சறுக்குபவர்களை மேலே ஏற்றும் லிஃப்ட்டின் கம்பத்தில் இடது விலா மோதி விழுந்திருக்கிறாள். சிரித்துக்கொண்டே எழுந்து வந்து மத்தியானம் வரை வேலையும் பார்த்திருக்கிறாள். பிறகு முகம் வெளுத்து உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மண்ணீரல் கிழிந்திருக்கிறது, உள்ளே ரத்தம் கசிகிறது, உடனே ஆஸ்பத்திரியில் வெட்டித் தைக்க வேண்டும் என்றிருக்கிறார். அந்தப் பனியில் ஹெலிகாப்டர் வராது. ஹைனியின் வண்டியில் ஏற்றிக் கூடவே போயிருக்கிறார். இந்நேரம் கிரண்டை நெருங்கியிருப்பார்கள், பயப்படாதீர்கள் என்றாள் கடைக்காரி.

அப்போதுதான் நான் திரும்பி எங்கள் வண்டியின் முகத்தைப் பார்த்தேன். தகடு தொங்கிக்கொண்டிருந்தது.

இந்நேரம் அவர்கள் எங்கேயும் நெருங்கியிருக்க மாட்டார்கள் என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும் தெரிந்தது. வராத ஒரு வண்டிக்காக ஹைனி லேகரில் காத்துக்கொண்டிருப்பான். பனி நாளில் பின்வண்டி அரைமணி தாமதமாவது வழக்கம். அவன் ஒரு மணி நேரம்கூட நிற்பான். தொலைபேசி இல்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வது போல ஓடிப் போய்த் தகட்டைக் கழற்றினேன். நோல்டி கதவைத் திறந்து என் கையில் இருந்த தகட்டைப் பார்த்தான், அவனுக்கும் விளங்கிவிட்டது. பிளாட்பாரத்தில் நின்ற எவனுடைய கட்டைகளையோ பிடுங்கி என் காலடியில் போட்டான். தகட்டைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு பாதையோரமாகவே சறுக்கி இறங்கினேன். ஐம்பத்திரண்டு வயதில் அப்படி இறங்கியதை யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள்.

ஹைனியின் வண்டி லேகரிலேயே நின்றது. டாக்டர் தொண்டை கட்டிப்போகும்வரை கெஞ்சிவிட்டு ஓய்ந்திருந்தார். ஹைனி தன் கார்டைக் கீழே இருக்கும் அடுத்த தொலைபேசிக்கு நடந்தே அனுப்பியிருந்தான், இடுப்பளவு பனியில் அவன் இன்னும் போய்ச் சேரவில்லை. ஹைனியின் முகம் சாம்பல் பூத்திருந்தது. நான் வாயைத் திறக்கும் முன் அவனே பேசினான்.

"ரெண்டாவதுல தகடு இருந்துச்சு மெல்க். நான் எப்படி இறங்குவேன்? நூறு பேரு இருக்காங்க வண்டியில."

அவன் செய்தது சரி. இன்றுவரை சொல்கிறேன், அவன் செய்தது சரி. தகட்டை அவன் கையில் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்துவிட்டு ஏறி வண்டியை எடுத்தான்.

பல்சக்கர ரயில் ஏறுவதைவிட இறங்குவது மெதுவாக என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. நடுத் தண்டவாளத்தின் ஒவ்வொரு பல்லையும் சக்கரம் கடித்துக் கடித்துத்தான் இறங்கும். கொஞ்சம் வேகம் கூடினாலும் பிரேக் தானாகப் பிடித்துவிடும். பயந்த பயணிகளிடம் இருபத்தாறு வருஷமாக நான் பெருமையாகச் சொல்லி வந்த வாக்கியம் ஒன்று உண்டு: இந்தப் பல் பிடித்தால் விடாது. அன்று அந்தப் பல்லை ஒவ்வொன்றாகச் சபித்தேன். லேகரிலிருந்து கிரண்டுக்கு முப்பத்தைந்து நிமிஷம். குறைக்க எவனாலும் முடியாது.

ரேகுலாவை இருக்கையில் படுக்க வைத்திருந்தார்கள். உதடு காகிதமாக வெளுத்திருந்தது. நெற்றி சில்லென்று வியர்த்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் வேண்டும் என்றாள். டாக்டர் கூடாதென்று தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"எதுக்குப்பா விரலை ஆட்டின?"

"சும்மாம்மா."

"கோவமா?"

"இல்லம்மா. சும்மா."

அவள் நம்பவில்லை. சின்ன வயதிலிருந்து என் பொய் அவளிடம் செல்லாது. அம்மாவிடம் சொல்லிவிட்டார்களா என்று கேட்டாள். சொல்லியாயிற்று என்றேன், அதுவும் எனக்குத் தெரியாது. பிறகு வண்டி ஏன் இத்தனை நேரம் நின்றது என்று கேட்டாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் போர்வையை இழுத்து அவள் தோளை மூடினேன். அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை.

கிரண்டில் ஆம்புலன்ஸ் தயாராக நின்றது. ஆஸ்பத்திரி வாசலுக்கு அரை கிலோமீட்டர் இருக்கும்போது என் கையைப் பிடித்திருந்த கை வெறும் கையாகிவிட்டது. அறுவை டாக்டர் நல்ல மனிதர். அரைமணி முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், என் தொப்பியில் இருந்த ரயில் முத்திரையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்த அரைமணி என் கோட்டுப் பையில் இருந்த சாமான் மாதிரி எனக்குப் பழகிவிட்டது. எங்கே போனாலும் கூட வருகிறது.

விசாரணைக்கு நகரத்திலிருந்து மூன்று பேர் தோல் பைகளோடு வந்தார்கள். கிரண்டின் காத்திருப்பு அறையில் மேஜை போட்டு உட்கார்ந்தார்கள். பனிப் பூட்ஸ் வாடை அவர்களுக்குப் பிடிக்கவில்லை, ஜன்னலைத் திறக்கச் சொன்னார்கள். பிராவன்ட் தான் கார்டிடம் சொன்னதாகச் சொன்னார், உண்மையைத்தான் சொன்னார். மூவரும் என் பக்கம் திரும்பினார்கள். டிரைவரிடம் தெரிவித்தீர்களா என்று நடுவில் இருந்தவர் கேட்டார்.

நோல்டி எதிர்ச் சுவரோரம் தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். எல்ஸ்பெத் கதவருகே கறுப்பு உடையில் நின்றிருந்தாள். அவள் நின்றிருந்ததால்தான் அந்தச் சொல் வந்ததோ என்னவோ.

"சொன்னேன்," என்றேன்.

நோல்டி தலையைத் தூக்கினான். நவம்பருக்குப் பிறகு அவன் என்னை நேராகப் பார்த்தது அன்றுதான். வெகுநேரம் பார்த்தான். கேள்வி கேட்டவர் பேனாவைத் தட்டினார்.

"சொன்னாரு. நான்தான் மறந்துட்டேன். மாட்டுனது நான், கழட்ட வேண்டியதும் நான்," என்றான் நோல்டி.

அவர்கள் எழுதிக்கொண்டார்கள். எல்ஸ்பெத் தம்பியைப் பார்த்த பார்வையை நான் சொல்லப் போவதில்லை. வெளியே வண்டிக் கொட்டகைப் பக்கம் நான் நின்றிருந்தபோது அவன் என்னைக் கடந்து போனான். போகிறவன் நிற்காமலே சொன்னான்.

"உனக்காக இல்ல மச்சான். அக்காவுக்கு வீட்ல ஒரு ஆளாவது மிஞ்சணும்."

கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். திரும்ப உள்ளே போய் மூன்று பேரிடமும் உண்மையைச் சொல்லியிருக்கலாம். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோழைக்குப் பழமொழி கிடைக்காமல் போகாது.

நோல்டியை வண்டி ஓட்டக் கூடாது என்று விலக்கினார்கள். அவன் சமவெளியில் ஒரு சிமெண்ட் ஆலைக்குப் போனான். என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, பிள்ளையைப் பறிகொடுத்தவன் என்று எல்லோரும் எழுந்து இடம் கொடுத்தார்கள். நான் வேலையைத் தொடர்ந்தேன். சனிக்கிழமை தோறும் லேகரைக் கடந்தேன், நாலாவது ஜன்னல் எதிரே வரும்போது தரையைப் பார்த்தேன். அடுத்த வருஷமே எல்லா வண்டியிலும் வயர்லெஸ் வந்தது. ஒரு வருஷம்தான் பிந்தியது.

நோல்டி மாதம் ஒரு கடிதம் போட்டான், அக்காவின் பெயருக்கு. அவள் உறையைப் பிரிக்காமல் அப்படியே அடுப்பில் போடுவாள். கதவைத் திறந்து, போட்டு, மூடிவிட்டு, உருளைக்கிழங்கு உரிக்க உட்காருவாள். ஐந்து வருஷம் இதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கடிதத்திலும் என்ன எழுதியிருக்குமோ என்று பயந்துகொண்டிருப்பேன். அது எரிந்ததும் எனக்கு நிம்மதி வரும். இதைவிட ஈனமான நிம்மதி உலகத்தில் கிடையாது.

போன மாதம் மத்தியானம் ஒரு கடிதம் வந்தது. கையெழுத்து நோல்டியுடையது இல்லை, ஆலையின் முத்திரை இருந்தது. அதனால் எல்ஸ்பெத் பிரித்தாள். நின்றபடியே படித்தாள். நோல்டி நெஞ்சடைத்துச் செத்துப்போனான், அறையில் தனியாக, இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்திருக்கிறார்கள். பெட்டியில் அக்கா வீட்டு விலாசம் இருந்ததால் எழுதியிருக்கிறார்கள். அவள் அழவில்லை. கடிதத்தை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"மெல்க், ஒண்ணு கேக்கணும். அஞ்சு வருஷமா கேக்கணும்னு இருக்கேன், பயமா இருந்துச்சு."

நான் ரொட்டியைக் கீழே வைத்தேன்.

"நவம்பர்லேர்ந்து நீங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசல. நடுவுல உக்காந்து சோறு போட்டவ நான். அன்னிக்கு மட்டும் அவன்கிட்ட எப்படிச் சொன்ன?"

சொன்னேன் என்று இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. அவள் கண் இமைக்காமல் காத்திருந்தாள். அந்தக் கண் ரேகுலாவின் கண். அதனிடம் என் பொய் செல்லாது.

"விசில் ஊதினேன்," என்றேன்.

அவள் எழுந்து போய் அடுப்பின் முன் மண்டியிட்டாள். கதவைத் திறந்தாள். உள்ளே கையை விட்டுச் சாம்பலைக் கிளறித் தேட ஆரம்பித்தாள்.